உயர்திறன் தானுந்துகளில் சக்கர, டயர்த் தெரிவு

உயர்திறன் தானுந்துகளில் சக்கர, டயர்த் தெரிவு என்பது, விரைவாகவும் கூர்மையாகவும் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட ஒரு தானுந்துக்கு ஏற்ற டயரின் வகை, அளவு, ரப்பர்க் கலவை ஆகியவற்றையும், அந்த டயரைத் தாங்கும் சக்கரத்தின் விட்டம், அகலம், ஆஃப்செட், எடை ஆகியவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தீர்மானிப்பதாகும். சக்கரம் பேச்சு வழக்கில் ரிம் என்றும், அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனதாயின் அலாய் வீல் என்றும் அழைக்கப்படுகிறது.

ஒரு தானுந்தின் முடுக்கம், நிறுத்தம், திருப்பம் ஆகிய மூன்றும் டயர்களின் வழியாகவே சாலையை அடைகின்றன. பொறியின் ஆற்றலையோ பிரேக்குகளின் வலிமையையோ எவ்வளவு கூட்டினாலும், டயரின் பிடிமானம் அனுமதிக்கும் எல்லைக்கு அப்பால் அவை பயன்படா. கடைகளில் பெரும்பாலும் சக்கரத்தின் தோற்றமும் விட்டமுமே முதலில் பார்க்கப்படுகின்றன. பொறியியல் நோக்கில் வரிசை இதற்கு நேர்மாறானது: பயன்பாட்டுக்கு ஏற்ற டயர் முதலில் தெரிவு செய்யப்படுகிறது, சக்கரம் அந்த டயருக்கும் தானுந்தின் பிரேக்குக்கும் ஏற்பத் தெரிவு செய்யப்படுகிறது.

கீழ்வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மாஸ்டா நிறுவனத்தின் எம்எக்ஸ்-5 தானுந்தைக் கொண்டு தரப்படுகின்றன. 1989 இல் அறிமுகமான இந்த ஈரிருக்கைத் தானுந்து எடை குறைந்தது, பின்சக்கரங்களால் இயங்குவது, எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டது. எனவே சக்கரத்திலோ டயரிலோ செய்யப்படும் சிறிய மாற்றமும் ஓட்டுநருக்கு எளிதில் தெரியவரும். எடையில் பெரும்பகுதியைப் பின்புறத்தில் கொண்ட போர்ஷே 911 இதனுடன் ஒப்பிடப்படுகிறது.

தொடுபரப்பு

டயர் சாலையைத் தொடும் பகுதி தொடுபரப்பு எனப்படும். டயரின் மீதுள்ள சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் இதன் பரப்பளவு ஏறத்தாழக் கிடைக்கும். நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 இன் எடை சுமார் 1,060 கிலோகிராம். ஒரு டயருக்கு 265 கிலோகிராம் சுமை, 2 பார் அழுத்தம் எனக் கொண்டால் தொடுபரப்பு ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கையளவு. நான்கு டயர்களின் தொடுபரப்பையும் கூட்டினாலும் ஓர் ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவே.

இக்கணக்கில் டயரின் அகலம் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒரே சுமையிலும் ஒரே அழுத்தத்திலும் அகன்ற டயரின் தொடுபரப்பு, ஒடுங்கிய டயரினதைவிடப் பெரிதும் கூடுவதில்லை. அதன் வடிவமே மாறுகிறது. ஒடுங்கிய டயரில் அது முன்பின்னாக நீண்டும், அகன்ற டயரில் குறுக்காக விரிந்தும் இருக்கும். குறுக்காக விரிந்த தொடுபரப்பு, திருப்பத்தின்போது குறைந்த சறுக்குக் கோணத்திலேயே பக்க விசையை உருவாக்குவதால் தானுந்து ஸ்டீயரிங்குக்கு உடனடியாகப் பணிகிறது. வெப்பமும் பரந்த ரப்பரில் பகிரப்படுகிறது.

உராய்வு விசை பரப்பளவைச் சார்ந்ததன்று என்று பள்ளிப் பாடங்களில் கற்பிக்கப்படும் விதி ரப்பருக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. டயரின் மீதான சுமை இருமடங்கானால் பிடிமானமும் கூடும். ஆனால் இருமடங்கை எட்டாது. இது சுமை உணர்திறன் எனப்படும். திருப்பத்தின்போது எடை உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்கு மாறுகிறது. வெளிப்பக்க டயர் பெறும் பிடிமானம், உள்பக்க டயர் இழப்பதற்கு ஈடாவதில்லை. எனவே மொத்தப் பிடிமானம் குறைகிறது. ஒரே தானுந்தில் முன், பின் டயர்களின் அகலத்தை வேறுபடுத்துவதற்கும், எடை குறைந்த தானுந்து ஒடுங்கிய டயர்களைக் கொண்டே சிறப்பாகத் திரும்புவதற்கும் இப்பண்பே அடிப்படை.

அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 இன் 17 அங்குலச் சக்கரத்துக்குரிய டயர் 205/45 ஆர் 17 84 டபிள்யூ என்பதாகும். இதில் 205 என்பது டயரின் குறுக்கு அகலம் மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 45 விழுக்காடு என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ஆரைவாட்டு இழையமைப்பு. 17 என்பது சக்கரத்தின் விட்டம் அங்குலத்தில். 84 என்னும் சுமைக் குறியீடு ஒரு டயர் 500 கிலோகிராம் வரை தாங்கும் என்பதையும், டபிள்யூ என்னும் வேகக் குறியீடு மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதையும் காட்டுகின்றன. எச் 210 கிலோமீட்டரையும், வி 240 கிலோமீட்டரையும், ஒய் 300 கிலோமீட்டரையும் குறிக்கும்.

வேகக் குறியீடு அவ்வேகத்தில் ஓட்டுபவர்களுக்கு மட்டுமே உரியதன்று. உயர்ந்த குறியீடு உள்ள டயர் பொதுவாக வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். தொழிற்சாலை நிர்ணயித்ததைவிடக் குறைந்த சுமைக் குறியீடு கொண்ட டயரைப் பொருத்துவது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

விட்டத்தை மாற்றுதல்

சக்கரத்தின் விட்டத்தைக் கூட்டும்போது பக்கச்சுவரின் உயரத்தைக் குறைத்து, டயரின் வெளிவிட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். முதலாம் தலைமுறை எம்எக்ஸ்-5, 14 அங்குலச் சக்கரத்தில் 185/60 ஆர் 14 டயருடன் வந்தது. இதன் வெளிவிட்டம் 577.6 மில்லிமீட்டர். 15 அங்குலச் சக்கரத்தில் 195/50 ஆர் 15 டயர் பொருத்தினால் வெளிவிட்டம் 576 மில்லிமீட்டர், வேறுபாடு 0.3 விழுக்காடு மட்டுமே. இத்தானுந்தின் உரிமையாளர்களிடையே இம்மாற்றம் பரவலாக இருப்பதற்கு இதுவே காரணம். பக்கச்சுவர் 111 மில்லிமீட்டரிலிருந்து 97.5 ஆகக் குறைவதால் டயர் நெளிவது குறைகிறது. சாலையின் அதிர்வைத் தாங்கும் அளவுக்கு உயரமும் எஞ்சியிருக்கிறது.

அதே தானுந்தில் 17 அங்குலச் சக்கரமும் 205/40 ஆர் 17 டயரும் பொருத்தினால் வெளிவிட்டம் 595.8 மில்லிமீட்டர் ஆகிறது. இது 3.2 விழுக்காடு கூடுதல். வேகமானி காட்டும் வேகத்தைவிட உண்மை வேகம் அந்த அளவு மிகும்; ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தைத் தள்ளும் விசை அந்த அளவு குறையும். பக்கச்சுவர் 82 மில்லிமீட்டராகச் சுருங்குவதால், முப்பதாண்டுகளுக்கு முன் மென்மையான டயருக்கென அமைக்கப்பட்ட சஸ்பென்ஷன் மேடுபள்ளங்களை முழுவதும் தானே தாங்க நேரிடுகிறது. குழியில் இறங்கும்போது சக்கரத்தின் விளிம்பு வளைவதும், டயரின் பக்கச்சுவரிலுள்ள இழைகள் அறுந்து பக்கச்சுவர் புடைப்பதும் இத்தகைய அமைப்புகளில் கூடுதலாக நிகழ்கின்றன. புடைத்த டயரைச் சரிசெய்ய இயலாது, மாற்றுவதே வழி.

அப்படியாயின் இன்றைய உயர்திறன் தானுந்துகள் 20, 21 அங்குலச் சக்கரங்களுடன் வருவது ஏன் என்னும் கேள்வி எழும். தோற்றம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் முதன்மையான காரணம் பிரேக் தட்டுகளின் அளவு. 2013 இல் அறிமுகமான 991 வகைப் போர்ஷே 911 ஜிடி3 க்கு விருப்பத்தேர்வாக அளிக்கப்பட்ட சுட்டாங்கல் பிரேக்கின் முன்தட்டு 410 மில்லிமீட்டர் விட்டமுடையது. 17 அங்குலம் என்பது 432 மில்லிமீட்டர் மட்டுமே. சக்கரத்தின் உலோகத் தடிப்பும், தட்டைச் சுற்றிப் பிடிக்கும் காலிப்பரும் சேர்ந்தால் அத்தட்டுக்கு 17 அங்குலச் சக்கரத்தினுள் இடமில்லை. எனவே பிரேக்கைத் தாராளமாக உள்ளடக்கும் மிகச் சிறிய சக்கரமே பொறியியல் அடிப்படையில் ஏற்ற சக்கரம் என்று கொள்ளலாம்.

எடை

சக்கரமும் டயரும் சஸ்பென்ஷன் சுருள்களுக்குக் கீழே இருப்பதால் அவற்றின் எடை தாங்கப்படாத எடை எனப்படும். இது குறைவாக இருந்தால் கரடுமுரடான சாலையில் டயர் தரையை விட்டு எழாமல் தொடர்ந்து பற்றியிருக்கும். சுழலும் எடையாகவும் இருப்பதால் முடுக்கத்தின்போது இதன் விளைவு மேலும் கூடுகிறது. டயரின் வெளிப்பரப்பில் உள்ள ஒரு கிலோகிராம், நிலைமத் திருப்புத்திறன் காரணமாக, தானுந்தின் உள்ளே உள்ள ஏறத்தாழ இரண்டு கிலோகிராமுக்கு ஈடாகும். சக்கர விளிம்பில் இது ஒன்றரை மடங்கை ஒட்டியே இருக்கும்.

சுழலும் ஒரு கிலோகிராம் உள்ளே உள்ள பத்துக் கிலோகிராமுக்குச் சமம் என்பது போன்று பரவலாகக் கூறப்படும் கணக்குகளுக்கு இயற்பியல் அடிப்படை இல்லை. சக்கரத்துக்கு 2 கிலோகிராம் வீதம் குறைத்தால் முடுக்கத்தில் கிடைக்கும் பயன், தானுந்திலிருந்து 12 முதல் 16 கிலோகிராம் வரை குறைத்ததற்கு ஒப்பாகும். பயணத்தின் மென்மையிலும் ஸ்டீயரிங்கின் உணர்விலும் கிடைக்கும் பயனே பெரிது.

சக்கரங்கள் வார்ப்பு, உருட்டு வார்ப்பு, பட்டறை அடிப்பு ஆகிய முறைகளில் செய்யப்படுகின்றன. வார்ப்பு விலை குறைந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றிச் செய்வது. உருட்டு வார்ப்பில், வார்த்த சக்கரத்தின் உருளைப் பகுதியைச் சூடாக்கி உருளைகளால் அழுத்தி மெலிதாக்கி வலுவூட்டுகின்றனர். பட்டறை அடிப்பில் திண்ம அலுமினியத்தைப் பேரழுத்தத்தில் வடிவமைப்பதால் மிகக் குறைந்த எடையில் மிகுந்த வலிமை கிடைக்கிறது. 1960களில் போர்ஷே 911 எஸ் வகைக்கென வந்த ஃபுக்ஸ் சக்கரம் இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று. ஜப்பானின் ரேய்ஸ் நிறுவனம் 1996 இல் வெளியிட்ட டிஇ37 சக்கரத்தின் பெயரிலுள்ள 37 என்னும் எண், 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் கொண்ட சக்கரத்தின் எடையான 3.7 கிலோகிராமைக் குறிப்பது. ஃபோர்டு நிறுவனம் 2015 இல் ஷெல்பி ஜிடி350ஆர் தானுந்தில் கரிம இழைச் சக்கரங்களை இயல்பு உறுப்பாகவே வழங்கியது.

புகழ்பெற்ற சக்கரங்களின் தோற்றத்தை அப்படியே படியெடுத்த மலிவான வார்ப்புகளும் சந்தையில் உள்ளன. இவை மூலத்தைவிடக் கனமானவை. போதிய சோதனைக்கு உட்படாதவை சுமையின்கீழ் விரிசல் காண்பதும் உண்டு. ஜப்பானியச் சக்கரங்களில் உள்ள ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகள், செருமனியின் டியூஃப் ஒப்புதல் ஆகியன சோதனைக்கான அடையாளங்கள். முத்திரையையும் போலியாகப் பொறிக்க இயலும் என்பதால் விற்பவரின் நம்பகத்தன்மையும் கருதத்தக்கது.

சக்கர அகலமும் ஆஃப்செட்டும்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் பொருந்தும் சக்கர அகலத்துக்கு எல்லை உண்டு. 205/45 ஆர் 17 டயருக்கு இது 6.5 முதல் 7.5 அங்குலம் வரை. 225/45 ஆர் 17 டயருக்கு 7 முதல் 8.5 அங்குலம் வரை. எல்லையின் கீழ்முனையில் டயர் பிதுங்கி, திருப்பத்தில் பக்கச்சுவர் மடங்கும். அகன்ற சக்கரத்தில் ஒடுங்கிய டயரை இழுத்துப் பொருத்துவது சில இடங்களில் அழகாகக் கருதப்படுகிறது. இது சக்கர விளிம்பைப் பாதுகாப்பின்றி விடுவதோடு, கடுந்திருப்பத்தில் டயர் விளிம்பிலிருந்து கழன்று காற்று முழுவதும் ஒரே கணத்தில் வெளியேறவும் இடமளிக்கிறது.

ஆஃப்செட் என்பது சக்கரத்தின் அகல நடுக்கோட்டுக்கும், சக்கரம் தானுந்துடன் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தொலைவு. பொருந்தும் முகம் வெளிப்புறமாக இருந்தால் இது நேர்ம எண்ணாகும். செருமானியச் சொல்லின் சுருக்கமான ஈடி என்று சக்கரங்களில் இது பொறிக்கப்படுகிறது. நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 இன் 17 அங்குலச் சக்கரம் 7 அங்குல அகலமும் 45 மில்லிமீட்டர் ஆஃப்செட்டும் உடையது. இதற்குப் பதிலாக 8 அங்குல அகலமும் 35 மில்லிமீட்டர் ஆஃப்செட்டும் கொண்ட சக்கரத்தைப் பொருத்துவதாகக் கொள்வோம். அகலம் ஓர் அங்குலம் கூடுவதால் இருபுறமும் 12.7 மில்லிமீட்டர் விரிகிறது. ஆஃப்செட் குறைவதால் சக்கரம் முழுவதும் 10 மில்லிமீட்டர் வெளியே நகர்கிறது. எனவே வெளிவிளிம்பு 22.7 மில்லிமீட்டர் வெளியே வரும், உள்விளிம்பு 2.7 மில்லிமீட்டர் உள்ளே செல்லும். சக்கரம் வாங்குமுன் இவ்விரு எண்களையும் கணக்கிட்டு, முழுத் திருப்பத்திலும் முழு அமுக்கத்திலும் டயர் மட்கார்டிலோ சஸ்பென்ஷன் உறுப்புகளிலோ உரசுமா என்பதை அளந்து பார்த்தல் வேண்டும்.

ஆஃப்செட்டை மிகவும் குறைத்தால் உரசல் இல்லாவிடினும் பிற விளைவுகள் உண்டு. திருப்பு அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்கும் தொடுபரப்பின் நடுவுக்கும் உள்ள இடைவெளி மாறுவதால், பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். சக்கர பேரிங்குகள் மீதும் நெம்புவிசை கூடும்.

பொருத்தும் துளைகள்

சக்கரத்தின் போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் தானுந்துடன் துல்லியமாகப் பொருந்த வேண்டும். எம்எக்ஸ்-5 இன் முதல், இரண்டாம், நான்காம் தலைமுறைகளில் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் 4 துளைகள். மூன்றாம் தலைமுறையில் மட்டும் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் 5 துளைகள். பெயர் ஒன்றே என்பதால் சக்கரமும் பொருந்தும் என்று கருதிப் பழைய சக்கரம் வாங்குவோர் ஏமாறுவது இங்குதான். நடுத்துளை தானுந்தின் அச்சுக்குடத்தைவிடப் பெரிதாயின் இடைவளையம் இட வேண்டும். இல்லையேல் அதிர்வு தோன்றலாம். நட்டுகளின் இருக்கை கூம்பு வடிவமா கோள வடிவமா என்பதும் ஒத்திருக்க வேண்டும்.

முன், பின் டயர்களில் வேறுபட்ட அளவுகள்

எம்எக்ஸ்-5 நான்கு சக்கரங்களிலும் ஒரே அளவு டயர்களைக் கொண்டது. இதனால் டயர்களை முன்பின்னாக மாற்றிப் பொருத்தித் தேய்மானத்தைச் சமப்படுத்த முடிகிறது. போர்ஷே 911 இல் பொறி பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்சக்கரங்கள் மீது விழுகிறது. திருப்பத்தின் நடுவில் ஓட்டுநர் முடுக்கியை விட்டுவிட்டால் எடை முன்னோக்கி நகர்ந்து, பின்பகுதி வெளியே வீசப்படும் இயல்பு இதன் தொடக்ககால வகைகளில் இருந்தது. இதனைக் கட்டுப்படுத்தும் வழிகளுள் ஒன்றாகப் பின்டயர்கள் அகலமாக்கப்பட்டன. 991 வகை ஜிடி3 இல் முன்னே 245/35 ஆர் 20, பின்னே 305/30 ஆர் 20 டயர்கள் உள்ளன. இத்தகைய தானுந்தில் தோற்றம் கருதி நான்கையும் சமமாக்குவது, தயாரிப்பாளர் அடக்கிவைத்த இயல்பை மீண்டும் அவிழ்த்துவிடுவதாகும்.

மாறாக, எடை சமமாகப் பகிரப்பட்ட தானுந்துகளில் அகன்ற பின்டயர்கள் பெரும்பாலும் பாதுகாப்புக்காகவே தரப்படுகின்றன. பிடிமானம் தீரும்போது முன்பகுதி முதலில் நழுவினால் தானுந்து திரும்ப மறுத்து நேராகச் செல்லும். பழக்கமில்லாத ஓட்டுநரும் இதைச் சமாளிக்க இயலும். 225 முன்னும் 255 பின்னுமாக வந்த பிஎம்டபிள்யூ எம்3 இன் இ46 வகையைப் பந்தயத் தடங்களில் ஓட்டுவோரில் சிலர், இவ்வியல்பைக் குறைக்க நான்கிலும் ஒரே அளவைப் பொருத்துகின்றனர். நான்கு சக்கர இயக்கம் கொண்ட தானுந்துகளில் டயர்களின் சுற்றளவு பெரிதும் வேறுபட்டால் விசையைப் பகிரும் பல்லிணைகள் ஓயாது உழன்று சூடாகிப் பழுதடையும். ஒரு டயர் பழுதானால் நான்கையும் மாற்ற நேரிடுவதும் உண்டு.

ரப்பர்க் கலவை

ஒரே அளவுள்ள இரு டயர்களின் பிடிமானம் கலவையைப் பொறுத்துப் பெரிதும் வேறுபடும். கோடைக்கால டயரின் கலவை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ் இறுகத் தொடங்குகிறது. கடுங்குளிரில் அசைத்தாலே வெடிப்புக் காணக்கூடிய பந்தயச் சார்புக் கலவைகளும் உண்டு. தமிழ்நாடு, இலங்கை ஆகியவற்றின் சமவெளிகளில் வெப்பநிலை அவ்வளவு தாழ்வதில்லை. அங்குக் கவனிக்க வேண்டியது மழை. பந்தயச் சார்பு டயர்களில் பள்ளங்கள் குறைவாகவும் ஆழமற்றும் இருப்பதால் தேங்கிய நீரை வெளியேற்ற இயலாது, தானுந்து நீரின்மேல் மிதந்து வழுக்கும். டயர் அகலமாகவும் தானுந்து எடை குறைவாகவும் இருந்தால் இது குறைந்த வேகத்திலேயே நிகழும்.

அமெரிக்காவில் விற்கப்படும் டயர்களில் தேய்மான எண் பொறிக்கப்படுகிறது. டெக்சாசு மாநிலத்தில் பொதுச் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயருடன் ஒப்பிட்டு இது கணிக்கப்படுகிறது. எண் குறைந்தால் கலவை மென்மையானது எனலாம். ஆயினும் சோதனை முடிவிலிருந்து எண்ணை நிர்ணயிப்பது தயாரிப்பாளரே என்பதால் இரு நிறுவனங்களின் எண்களை நேரடியாக ஒப்பிடுதல் தகாது. போட்டி அமைப்புகள் சில 200 என்னும் எண்ணைச் சாலை டயருக்கான கீழ் எல்லையாக வைத்ததிலிருந்து, 200 எனப் பொறித்தும் அதைவிட மிக விரைவில் தேய்கின்ற டயர்கள் பல வந்துள்ளன.

சில டயர்களில் தானுந்துத் தயாரிப்பாளருக்கான சிறப்புக் குறி உண்டு. போர்ஷேக்கு என் எழுத்தும் ஓர் எண்ணும், பிஎம்டபிள்யூவுக்கு விண்மீன் குறியும் இடப்படுகின்றன. ஒரே பெயர் கொண்ட டயரிலும் இக்குறி உள்ளதன் அமைப்பு வேறாக இருக்கலாம் என்பதால், குறியுள்ளதையும் இல்லாததையும் கலந்து பொருத்துதல் கூடாது.

காற்றழுத்தம்

அளவு மாறினால் உரிய அழுத்தமும் மாறலாம். டயரின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போது அழுத்தம் சுமார் 0.1 பார் உயரும். எனவே பந்தயத் தடத்தில் சில சுற்றுகளுக்குப் பின், டயர் சூடாக உள்ளபோதே அளந்து குறைக்கின்றனர். வீடு திரும்புமுன் மீண்டும் நிரப்புவதை மறந்துவிடுவது பரவலான தவறு. குறைந்த அழுத்தத்தில் பக்கச்சுவர் மிகுதியாக நெளிந்து வெப்பம் ஏறும். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மிதிபட்டை உரிந்ததால் நேர்ந்த உயிரிழப்புகளை அடுத்து ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அதன்பின் இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டின் புதிய இலகு வாகனங்களில் அழுத்தம் உணர்த்தும் கருவி கட்டாயமாயிற்று. சக்கரத்தை மாற்றுவோர் புதிய சக்கரத்தில் இவ்வுணரிக்கு இடம் உள்ளதா எனவும் பார்க்க வேண்டும்.

வயது

ரப்பர் பயன்படுத்தப்படாமல் இருந்தாலும் ஆக்சிசனாலும் வெப்பத்தாலும் இறுகுகிறது. உயர்திறன் தானுந்துகள் பல ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடுவதால், பள்ளம் புதியதுபோல் ஆழமாகவும் ரப்பர் பழையதாகவும் உள்ள டயர்கள் இவற்றில்தான் அதிகம். 2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டாவில் போர்ஷே கரேரா ஜிடி ஒன்று விபத்துக்குள்ளாகி, அதில் பயணித்த நடிகர் பால் வாக்கரும் ஓட்டியவரும் உயிரிழந்தனர். மிகுவேகமே காரணம் என 2014 மார்ச்சில் புலனாய்வாளர்கள் அறிவித்தனர். டயர்கள் 9 ஆண்டுகள் பழையவை என்பதையும், அது தானுந்தின் கையாளுகையைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் அவர்கள் சுட்டினர்.

2000 ஆம் ஆண்டு முதல் தயாரிக்கப்பட்ட டயர்களில், பக்கச்சுவரிலுள்ள டாட் குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் தருகின்றன. 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். இக்குறியீடு பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். அப்பக்கம் உட்புறமாகப் பொருத்தப்பட்டிருந்தால் தானுந்தைத் தூக்கி நிறுத்தியே படிக்க இயலும்.